கடந்தவரும் கடத்தப்பட்டவரும்

சென்ற குளிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, எமது பாடசாலையின் மேல்வகுப்பிலே ஒரு மாணவன் எழுந்து, "சேர், 'ஹைஜாக்' என்பதற்குத் தமிழ் என்ன?" என்று வினவினான். நாம் வாய் திறக்குமுன்னரே முன்வரிசையிலிருந்த மாணவியொருத்தி, "கடத்தல்" என்றாள். விடை சரியானதே. ஆயினும் வகுப்பு அத்துடன் ஓயவில்லை. "அப்படியென்றால், நாடு கடத்தல் என்பது ஒரு நாட்டையே ஹைஜாக் செய்வதா?" என்று பின்வரிசையிலிருந்து அடுத்த கேள்வி பிறந்தது. பிள்ளைகள் சிரித்தனர், நாமும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியபின்னரே, அப்பிள்ளைகளுட் சிலருடைய பெற்றோர் அந்த இரண்டு சொற்களுக்கு அஞ்சி ஆண்டுக்கணக்கில் உறக்கமின்றி இருந்தவர்கள் என்பது எம் நினைவுக்கு வந்தது. அன்று வகுப்பில் ஐந்து நிமிடத்திற் கூறிய விடையை, இம்மலரிலே சற்று விரித்துரைக்க விழைகின்றோம்.

முதலில் ஆங்கிலச் சொல்லை நோக்குவோம். 'ஹைஜாக்' என்பது ஐக்கிய அமெரிக்காவில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் புழக்கத்துக்கு வந்த சொல். அதன் பிறப்பை எவரும் ஐயமற நிறுவியதில்லை. "கையை உயரத் தூக்கு, ஜாக்!" என்று கள்வர் அதட்டியதிலிருந்து பிறந்தது என்னுங் கதைக்குச் சான்றில்லை. அந்நாட்டில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. அக்காலத்தில் மறைவாக மது ஏற்றிச் சென்ற பார ஊர்திகளை வேறு கள்வர் வழிமறித்துப் பறித்தனர். அச்செயலே 'ஹைஜாக்' எனப்பட்டது. கள்ளக் கடத்தற்காரரிடமிருந்து சரக்கைப் பறித்தவனைச் சுட்டிய சொல், பின்னர் விமானத்தைப் பறித்தவனுக்கும் ஆகிவந்தது. ஆகவே அச்சொல்லின் உயிர், பிறர் கையிலுள்ள ஊர்தியை வன்முறையால் தன்வசமாக்குதல் என்பதிலேயே தங்கியுள்ளது.

இச்செயலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு கோணத்தில் நின்று பெயரிட்டுள்ளனர். 1970 டிசம்பர் 16ஆம் நாள் ஹேக் நகரிற் கைச்சாத்தான பன்னாட்டு உடன்படிக்கை, தன் தலைப்பில் இதனை 'விமானத்தைச் சட்டவிரோதமாகக் கைப்பற்றுதல்' என்ற கருத்திலேயே குறிப்பிடுகின்றது. அமெரிக்கச் சட்டம் கடற்கொள்ளையை ஒப்புமையாகக் கொண்டு, விமானக் கொள்ளை என்கின்றது. ஜேர்மன் மொழியில் இது 'என்ற்ஃபூருங்'. அகற்றி இட்டுச் செல்லுதல் என்பது அதன் பகுதிப் பொருள். 1977 ஒக்டோபரில் மயோர்க்காத் தீவிலிருந்து பிராங்பேர்ட் நோக்கிப் புறப்பட்ட 'லாண்ட்சூட்' என்னும் லுஃப்தான்சா விமானம் மொகாதிசு வரை கொண்டுசெல்லப்பட்டது. அந்நிகழ்வைப் பற்றி இந்நாட்டுப் பெரியோர் பேசும்போது வழங்குவதும் இதே சொல்லே. தமிழரோ 'கடத்தல்' என்றனர். சட்டத்தின் கண் பற்றிய கையிற் பட்டது. தமிழின் கண் கடந்த எல்லையிற் பட்டது.

கட என்பது தன்வினை. கடத்து என்பது பிறவினை. நட – நடத்து, கிட – கிடத்து என்பவற்றைப் போன்றதே இது. ஆகவே கடத்துதல் என்றால் கடக்கச் செய்தல், அவ்வளவே. அதிலே நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. செப்புக் கம்பி மின்னைக் கடத்துகின்றது. ஆதலால் விஞ்ஞான பாடத்தில் அதனைக் கடத்தி என்கின்றோம். சோம்பேறி காலத்தைக் கடத்துகின்றான். ஓடக்காரன் மக்களை ஆறு கடத்துகின்றான். வீதியைக் கடக்குமிடம் கடவை. எல்லை கடக்க வேண்டியது கடவுச்சீட்டு. இவையாவும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

இனி, அந்த மாணவனின் ஐயத்துக்கு வருவோம். 'விமானக் கடத்தல்' என்பதில் விமானம் கடத்தப்படும் பொருள். 'நாடு கடத்தல்' என்பதில் நாடு கடத்தப்படும் பொருளன்று. அது கடக்கப்படும் எல்லை. கடத்தப்படுபவன் மனிதன். அவனை நாட்டின் எல்லைக்கு அப்பாற் செலுத்துதலே நாடு கடத்தல். ஜேர்மன் மொழியில் 'அப்ஷீபுங்'. எனவே, கடத்தலுக்கு முன்னே நிற்கும் சொல்லைக் கண்டவுடன், "இது கடத்தப்படுவதா, கடக்கப்படுவதா?" என்று கேட்கப் பிள்ளைகள் பழகுதல் வேண்டும்.

'கடத்தல்' என்ற சொல்லைக் கொண்டு 'ஹைஜாக்' என்பதன் பொருளை முழுவதும் அளந்துவிட முடியாது என்பதற்கு எம் தாய்நாட்டோடு தொடர்புடைய சான்றொன்று உண்டு. 1982 ஜூன் 30ஆம் நாள், சேபால ஏக்கநாயக்க என்னும் இலங்கையர், தில்லியிலிருந்து பாங்கொக் நோக்கிப் பறந்த அலித்தாலியா விமானத்தைத் தம் அச்சுறுத்தலுக்கு உட்படுத்தினார். பிரிந்திருந்த மனைவியையும் மகனையும், அவர்களுடன் மூன்று இலட்சம் டொலர் பணத்தையும் அவர் கோரினார். விமானமோ தான் செல்லவேண்டிய பாங்கொக்கிலேயே இறங்கி நின்றது. வழிமாறி எந்த எல்லையையும் அது கடக்கவில்லை. எனினும் அதனை விமானக் கடத்தல் என்றே எழுதினோம். இத்தகைய குற்றத்துக்கெனத் தனிச்சட்டம் அதுவரை இல்லாதிருந்த இலங்கை, அதே 1982இல் விமானங்களுக்கு எதிரான குற்றங்கள் பற்றிய சட்டத்தை இயற்றியது. இடம் பெயர்தல் இன்றியும் இக்குற்றம் நிகழும். வன்முறை இன்றி நிகழாது.

ஹனோவரில் வாழும் எமக்கு இன்னும் அண்மையான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1993 பெப்ரவரி 11ஆம் நாள், பிராங்பேர்ட்டிலிருந்து கெய்ரோ ஊடாக அடிஸ் அபாபா செல்லப் புறப்பட்ட லுஃப்தான்சா விமானத்தில், இருபது வயதான எதியோப்பிய இளைஞர் ஒருவர் விமானியின் அறைக்குட் புகுந்து துப்பாக்கியை நீட்டினார். அவர் வேண்டியது பணமன்று. நியூயோர்க் செல்லுதலும் அங்கே புகலிடம் பெறுதலுமே. விமானம் வடக்கே திரும்பி, எமது லாங்கன்ஹாகன் விமான நிலையத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பியபின் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்தது. நியூயோர்க்கில் அவர் சரணடைந்தார். நூறு பேருக்கு மேற்பட்டோர் இருந்த அவ்விமானத்தில் எவருக்கும் காயமில்லை. அவர் கையிலிருந்தது ஓட்டப் பந்தயத்தைத் தொடக்க வெடிக்கும் வகைத் துப்பாக்கி என்பது பின்னரே தெரிந்தது. நீதிமன்றம் அவருக்கு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது.

அவர் கடக்க விரும்பியவர், உடனிருந்தோர் கடத்தப்பட்டோர். ஒரே விமானத்தில் இருவகையினரும் இருந்தனர். அடைத்த கதவின் முன் நிற்பவனின் துயர் எமக்குத் தெரியாததன்று. ஆயினும் அத்துயர், பிறருடைய உயிரைத் தனது கடவுச்சீட்டாக்கும் உரிமையை எவருக்கும் தருவதில்லை. இதனைப் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியவர்களுள், அகதிகளாகிய நாம் முதல்வர்.

இவ்விரு நிலைகளையும் ஒரே சொல்லால் மொழிவதனால் நேரும் இடரை நாம் பட்டறிந்துள்ளோம். புகலிட விசாரணையின்போது, "முகவர் எம்மை இரவோடிரவாக எல்லை கடத்தினார்" என்று நாம் கூறினோம். மொழிபெயர்த்தவர் அதனை 'என்ற்ஃபூருங்' என்று சொல்லிவிட்டார். "கடத்தியவரிடமிருந்து எப்போது தப்பினீர்?" என்று அதிகாரி கேட்டார். "நாம் தப்பவில்லை, அவரே விட்டுவிட்டுப் போனார்" என்றோம். இரண்டு கூற்றும் முரண்படுவதாகப் பதிவாயிற்று. அம்முரணைத் தீர்க்கப் பதினொரு மாதங்கள் சென்றன. அத்தனை மாதமும் நாடு கடத்தல் என்ற கத்தி தலைமேற் தொங்கியது. தமிழாசிரியராக இருந்த எமக்கே ஒரு வினைச்சொல் இவ்வளவு துன்பம் தந்தது எனின், ஏனையோர் பாடு என்னவாகும்?

2000ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற இரு நெறிமுறைகள், ஆளைச் சுரண்டுதற்பொருட்டு வலிந்தோ ஏமாற்றியோ கொண்டுசெல்வதையும், ஊதியம் பெற்று ஒருவரைச் சட்டவிரோதமாக எல்லை தாண்டச் செய்வதையும் வெவ்வேறாகப் பிரித்துள்ளன. தமிழ்ச் செய்தித்தாள்களோ இரண்டையும் ஆட்கடத்தல் என்றே எழுதுகின்றன. வெள்ளை வானில் ஒருவரை வீட்டு வாசலிலிருந்து கொண்டுசென்றதும் ஆட்கடத்தலே. ஆனால், தமிழிலே வேறுபாடு காட்ட வழியில்லாமலில்லை. வலிந்து கொண்டுபோனால் 'கடத்திச் சென்றனர்' என்க. தம் விருப்பத்துடன் சென்றவராயின் 'எல்லை கடக்க உதவினர்' என்க. 'கடத்திவிட்டனர்' என்பது இரண்டுக்கும் பொருந்துமாதலால், அலுவலகங்களில் அதனைத் தவிர்த்தல் நன்று.

செயப்பாட்டு வினையிலும் கவனம் வேண்டும். 'கடத்தப்பட்டார்' என்றால் கடத்தியவன் மறைந்து நிற்கின்றான். 'காணாமற் போனார்' என்றாலோ, குற்றமே போனவருடையது போலாகின்றது. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிற் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மார், தம் பிள்ளைகளைக் 'காணாமல் ஆக்கப்பட்டோர்' என்றே கூறினர். போதல் அவர் செயல். ஆக்குதல் பிறர் செயல். இலக்கண நூல் தன்வினை பிறவினை எனப் பகுத்துச் சொல்வதை, அத்தாய்மார் வீதியோரக் கொட்டகையிலிருந்து உலகுக்குக் கற்பித்தனர்.

"கூட்டத்தை ஹைஜாக் பண்ணிவிட்டார்கள்" என்று எம் பெற்றோர் சிலர் பேசுவதையும் கேட்கின்றோம். அங்கே கடத்தல் என்ற சொல் பொருந்தாது. கூட்டம் எங்கும் போகவில்லை. 'தம்வசப்படுத்தினர்' என்றோ, பேச்சாயின் 'திசைதிருப்பினர்' என்றோ கூறலாம். கணினிக் கணக்கொன்றைப் பிறர் பறித்தால் 'கைப்பற்றினர்' என்பதே பொருத்தம்.

அன்புப் பெற்றோரே! எந்த வழியால் இந்நாட்டுக்கு வந்தீர்கள் என்று உங்கள் பிள்ளைகள் ஒருநாள் கேட்பார்கள். அன்று அதனைத் தமிழிலே கூறுங்கள். எவற்றை விரும்பிக் கடந்தீர்கள், எவற்றில் வேறு வழியின்றிக் கடத்தப்பட்டீர்கள் என்பதையும் பிரித்துக் கூறுங்கள். நாம் வகுப்பிற் கற்பிக்கும் வினைச்சொல், உங்கள் வாயாற் கேட்கும்போதுதான் அவர்களுக்குப் பொருள் விளங்கும்.