மலையை அறிந்து மலையேறுவோம்



நிலத்தை ஐந்தாகப் பகுத்து வாழ்ந்தவர் நம் முன்னோர். மலை சார்ந்த நிலத்தைக் குறிஞ்சி என்றும், வயல் சார்ந்த நிலத்தை மருதம் என்றும் அவர் வழங்கினர். நாம் வாழும் பாரிட் புந்தார் வட்டாரம் மருத நிலமாகும். ஒருபுறம் கிரியான் மாவட்டத்தின் நெல்வயல்கள். மறுபுறம், நம் பாட்டன்மார் பால் வெட்டிய ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் இன்று வரிசை வரிசையாக நிற்கும் செம்பனைகள். எங்கு நோக்கினும் சமவெளியே. எனினும், மழை ஓய்ந்த காலை வேளையில் கிழக்குத் திசையை நோக்கினால் நீல நிறத்தில் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்றைக் காணலாம். அதுவே பிந்தாங் மலைத்தொடர்.

"ஐயா, அந்த மலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு?" என்று ஐந்தாம் ஆண்டு மாணவர் சிலர் நம்மை வினவினர். நல்ல வினா. அதற்குரிய விடையை ஒரே சொல்லில் கூறலாம். அச்சொல் நீர் என்பதாகும். மலை நமக்கு நீரைத் தருகிறது. நீர் மலையைச் செதுக்குகிறது. அதே நீர் சில வேளைகளில் மலைக்குச் சென்றோரின் உயிரையும் கவர்ந்துவிடுகிறது. இம்மூன்றையும் அறிந்தபின் மலையேறுவதே முறை. நம் ஊருக்கு அணித்தாயுள்ள மலைகளைக் கொண்டே இவற்றை ஈண்டு விளக்குவோம்.

மழையை ஈர்க்கும் மலை

தைப்பிங் நகரின் பின்னே உயர்ந்து நிற்பது புக்கிட் லாரூட். இது 1884ஆம் ஆண்டில் மலை வாசத்தலமாக அமைக்கப்பட்டது. பேராக்கில் பணியாற்றிய ஆங்கில அதிகாரியான வில்லியம் மேக்ஸ்வெல் என்பாரின் பெயரால் நெடுங்காலம் மேக்ஸ்வெல் குன்று என வழங்கி, 1979இல் இன்றைய பெயரைப் பெற்றது. இதன் உயரம் ஏறத்தாழ 1,250 மீட்டர். தொடக்கக் காலத்தில் மக்கள் நடந்தும், மட்டக் குதிரைகளில் ஏறியும், பல்லக்கு போன்ற நாற்காலிகளில் சுமக்கப்பட்டும் மேலே சென்றனர். மோட்டார் வண்டி செல்லும் பாதை இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பயனுக்கு வந்தது.

தைப்பிங் நகரில் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை பொழிகிறது. தீபகற்ப மலேசியாவிலேயே மிகுந்த மழை பெறும் ஊர்களுள் அதுவும் ஒன்று. இதற்குக் காரணம் யாது? கடலிலிருந்து வரும் ஈரக்காற்றை மலைத்தொடர் தடுத்து மேலே எழச் செய்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறுவதற்குள் காற்றின் வெப்பம் ஆறு பாகை அளவு குறைகிறது. குளிர்ந்த காற்று தன்னிடமுள்ள ஈரத்தைத் தாங்கமாட்டாது மேகமாகி மழையாகப் பொழிகிறது. மலை மட்டும் அங்கு இல்லையெனில் அம்மழையில் பெரும்பகுதி அங்குப் பெய்யாது.

அந்த மழைநீர் எங்கே செல்கிறது? அடர்ந்த காட்டின் சருகும் வேரும் அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொண்டு, சிறிது சிறிதாக ஓடைகளில் விடுகின்றன. பிந்தாங் தொடரில் பிறக்கும் ஓடைகள் பல குராவ் ஆற்றோடு கலந்து புக்கிட் மேரா ஏரியை அடைகின்றன. கிரியான் வயல்களுக்கு நீர் பாய்ச்சுவதற்காக 1906ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் அது. இங்கிருந்து தைப்பிங்குக்கு ரயிலில் செல்வோர் இருமருங்கும் நீர் பரந்து கிடக்க அவ்வேரியைக் கடந்து செல்வர். 'பாரிட்' என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கால்வாய் என்பது பொருள். அக்கால்வாய்களில் ஓடும் நீரின் பிறப்பிடம் நாம் தொலைவில் காணும் நீலமலையே.

2016ஆம் ஆண்டின் வறட்சியில் அவ்வேரியின் நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்ததைக் கண்டவர் அதனை எளிதில் மறவார். மலைக்காட்டை அழித்தால் பஞ்சு போன்ற மண் கரைந்துவிடும். மழைக்காலத்தில் சேறு ஏரியை நிரப்பும். வெயிற்காலத்தில் ஓடைகள் வற்றும். ஆகவே, மலையில் வெட்டுண்ட மரத்திற்கும் நம் தட்டிலுள்ள சோற்றுக்கும் தொடர்பு உண்டு என்பதை உணர்வோமாக.

நீர் செதுக்கிய மலை

நம் ஊரிலிருந்து தெற்கே சென்று ஈப்போவை அணுகினால் முற்றிலும் வேறு வகையான மலைகளைக் காண்கிறோம். பிந்தாங் தொடர் பெரும்பாலும் கருங்கல்லால் ஆனது. ஈப்போவைச் சூழ்ந்து செங்குத்தாக நிற்பவையோ சுண்ணாம்புக்கல் குன்றுகள். பல கோடி ஆண்டுகட்கு முன்னர் கடலடியில் வாழ்ந்த சிற்றுயிர்களின் ஓடுகள் படிந்து இறுகியே இக்கல் உண்டாயிற்று.

மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகிறது. அந்நீர் சுண்ணாம்புக்கல்லை மெல்ல மெல்லக் கரைக்கிறது. வெடிப்பு துளையாகி, துளை குகையாகிறது. கோப்பேங் நகருக்கு அருகிலுள்ள தெம்புரோங் குகையில் ஐந்து பெருங்கூடங்கள் உள்ளன. அதனுள்ளே ஓர் ஆறே ஓடுகிறது. கூரையிலிருந்து சொட்டும் நீர் விட்டுச்செல்லும் சுண்ணாம்பு, ஆலம் விழுதுபோல் கல்லாகித் தொங்குகிறது. லெங்கோங் பள்ளத்தாக்கின் குகையொன்றில் 1991ஆம் ஆண்டில் அகழ்ந்தெடுக்கப்பட்ட 'பேராக் மனிதன்' எலும்புக்கூடு, பத்தாயிரம் ஆண்டுகட்கு முன்னரே இங்கு மக்கள் வாழ்ந்தமைக்குச் சான்றாகும். அப்பள்ளத்தாக்கை 2012இல் யுனெஸ்கோ உலக மரபுடைமையாக ஏற்றது.

ஈப்போவில் தைப்பூசத்திற்குக் காவடி செல்லும் கல்லுமலைக் கோயிலை அறியாத தமிழர் இலர். அது குனோங் செரோ என்னும் சுண்ணாம்புக் குன்றை ஒட்டி அமைந்தது. 1973ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அக்குன்றின் பெரும்பாறை ஒன்று பெயர்ந்து அடிவாரத்திலிருந்த குடியிருப்பின்மீது வீழ்ந்தது. ஏறத்தாழ நாற்பது பேர் மாண்டனர். அசையாதது என நாம் எண்ணும் மலையும் அசையும் என்பதை அந்நாள் உணர்த்தியது.

சீறி வரும் நீர்

வடக்கே கெடா மாநிலத்தில் 1,217 மீட்டர் உயர்ந்து நிற்பது குனோங் ஜெராய். திசையறி கருவி இல்லாத நாளில் வங்கக் கடலைக் கடந்து வந்த வணிகருக்கு இம்மலையே அடையாளமாக விளங்கியது. இதன் அடிவாரத்திலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கில் பழங்கோயில்களின் அடித்தளங்கள் காணப்படுகின்றன. கி.பி. 1025 அளவில் இராசேந்திர சோழனின் கடற்படை வென்ற கடாரம் இப்பகுதியே என்பர். வரலாறு கற்கும் தமிழ் மாணவர் ஒருமுறையேனும் காணவேண்டிய இடம் இது.

அம்மலையில் அழகிய அருவிகளும் உண்டு. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் நாள் மலைமேல் பெய்த பெருமழையால் வெள்ளம் மரங்களையும் பாறைகளையும் உருட்டிக்கொண்டு யான் பகுதியில் பாய்ந்தது. ஆறு பேர் உயிரிழந்தனர். மலாய்க்காரர் இதனைக் 'கெப்பாலா ஆயர்' என்பர். நீரின் தலை என்பது அதன் பொருள். நாம் குளிக்கும் இடத்தில் வெயில் காயலாம். உச்சியில் மழை கொட்டலாம். அந்நீர் சில நிமிடங்களில் நம்மை வந்தடையும்.

2022ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் விடியற்காலையில் சிலாங்கூர் மாநிலத்தின் பத்தாங் காலியில் நேர்ந்த நிலச்சரிவில், கூடாரமிட்டு உறங்கிய 31 பேர் மாண்டனர். பள்ளி விடுமுறையைக் கழிக்கக் குடும்பத்தோடு வந்த சிறுவர் சிறுமியரும் அவருள் அடங்குவர். பல நாள் பெய்த மழையை மண் தன்னுள் தேக்கி வைத்திருந்தது. ஆகவே, 'இன்று மழையில்லை' என்பது மட்டும் போதிய காவல் ஆகாது. கடந்த நாட்களின் மழையையும் கணக்கிற்கொள்ள வேண்டும்.

செல்வோர் கடைப்பிடிக்க வேண்டியவை

1. பெரியோர் துணையின்றிச் செல்லற்க. காப்புக் காடுகளுக்கு வனத்துறையின் அனுமதி பெறுதல் வேண்டும். எங்குச் செல்கிறோம், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் சொல்லிச் செல்க.

2. விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் இறங்குக. நம் நாட்டில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் வருவது. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களில் மேலும் விழிப்புடன் இருக்க.

3. தெளிந்த ஓடை திடீரெனக் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலும், மேலிருந்து இரைச்சல் கேட்டாலும் பொருள்களை விட்டுவிட்டு உடனே மேட்டில் ஏறுக.

4. நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம், புதிதாக ஊறும் சேற்றுநீர் ஆகியவை நிலச்சரிவின் முன்னறிகுறிகள். அவ்விடத்தில் நில்லற்க, கூடாரமும் இடற்க.

5. குடிநீர், ஊதல், கைவிளக்கு, மழையாடை ஆகியவற்றை எடுத்துச் செல்க. அட்டை கடித்தால் அஞ்சவேண்டா. தோட்டத்தில் வளர்ந்த உங்கள் பாட்டியைக் கேட்டால் அதனைப் பற்றி நகைத்துக்கொண்டே சொல்வார்.

6. வழி தவறினால் அலையாது ஓரிடத்தில் நின்று, மும்மூன்று முறையாக ஊதலை ஒலிக்க. அவசர உதவிக்குரிய எண் 999.

7. நெகிழிப் பையையும் புட்டியையும் மலையில் விட்டு வராதீர். அங்கு எறிவது நம் கால்வாய்க்கே வந்து சேரும்.

தீபகற்பத்தின் இரண்டாவது உயர்ந்த சிகரமான குனோங் கொர்பு, 2,183 மீட்டர் உயரத்துடன் நம் பேராக் மாநிலத்திலேயே உள்ளது. இன்று இவ்வேட்டைப் படிக்கும் மாணவருள் சிலர் நாளை அதன் உச்சியில் நிற்கக்கூடும். அந்நாள் வருமுன், வரும் விடுமுறையில் உங்கள் பெற்றோரோடு புக்கிட் மேரா ஏரிக்கரைக்குச் செல்லுங்கள். பாதை திறந்திருக்கிறதா என வினவி அறிந்தபின் புக்கிட் லாரூட்டின் அடிவாரம் வரையேனும் நடந்து பாருங்கள். கண்டதை எழுதி வந்து வகுப்பில் படியுங்கள். மலையை அறிந்தவர் அதனை அழிக்கார். அதன் சீற்றத்திற்கு இரையாகவும் மாட்டார். மலை வாழ்ந்தால் வயல் வாழும். வயல் வாழ்ந்தால் நாம் வாழ்வோம்.