ராகுவுக்கு மாதாமாதம் ஏன் பசிப்பதில்லை?

ஆபீஸ் டீ டயத்தில் ஒரு கேள்வி போட்டேன்: "பிறை ஏன் தேயுது?" நாலு பேரில் மூணு பேர் பளிச்சென்று சொன்ன பதில்: "பூமியோட நிழல் விழுது சார்!" மூவரில் ஒருவர் எம்.எஸ்ஸி.!

தப்பு. நிலாவில் எப்போதும் பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அந்த வெளிச்சப் பாதியில் நமக்கு எவ்வளவு தெரிகிறதோ, அதுதான் பிறை. சூரியன் இருக்கிற பக்கமே நிலாவும் வந்துவிட்டால் அமாவாசை. எதிர்ப்பக்கம் போய்விட்டால் பௌர்ணமி. பூமியின் நிழல் டியூட்டிக்கு வருவது சந்திர கிரகணத்தன்று மட்டும்தான்.

"அப்ப அமாவாசைக்கு அமாவாசை நிலா குறுக்கே வந்து, சூரிய கிரகணம் பிடிக்க வேண்டாமா?" என்று எம்.எஸ்ஸி. மடக்கினார். நியாயமான கேள்வி.

நிலா ஓடும் பாதை, பூமி ஓடும் பாதைக்குச் சுமார் 5 டிகிரி சாய்வு. அஞ்சுதானே என்று அலட்சியம் வேண்டாம். வானத்தில் நிலாவின் அகலமே அரை டிகிரிதான். பத்து நிலாக்களை அடுக்குகிற அளவுக்கு விலக இடம் இருக்கிறது. அதனால் பெரும்பாலான அமாவாசைகளில் நிலா, ஸ்டாப்பில் நிற்காத டவுன் பஸ் மாதிரி, சூரியனுக்கு மேலேயோ கீழேயோ ஒதுங்கிப் போய்விடும். பௌர்ணமியில் பூமியின் நிழலுக்கும் அதே டிமிக்கி.

இரண்டு பாதைகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள் இரண்டே இரண்டு. அவைதான் பஞ்சாங்கத்தின் ராகு, கேது! அமாவாசையோ பௌர்ணமியோ இவற்றுக்குப் பக்கத்தில் விழுந்தால்தான் கிரகணம். இந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து ஒரு சுற்று வர 18.6 வருஷம். அதைப் பன்னிரண்டு ராசியால் வகுத்துப் பாருங்கள். ஒன்றரை வருஷம் சொச்சம். ராகு - கேது பெயர்ச்சிக் கணக்கு வந்துவிட்டதா!

ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒருமுறை சூரியன் ஒரு புள்ளியைத் தாண்டும். அப்போது கிரகணம் பெரும்பாலும் ஜோடியாக வரும். 2025-ல் மார்ச் 14 சந்திரன், 29 சூரியன். செப்டம்பர் 7 சந்திரன், 21 சூரியன். (நம்மூரில் பார்க்க வாய்த்தது செப்டம்பர் 7 மட்டும்.) அடுத்த மாதம் தீபாவளி அமாவாசைக்கு ஒன்றுமே இல்லை. 2022-லோ தீபாவளிக்கு மறுநாளே சூரிய கிரகணம்!

2019 டிசம்பர் 26. காலை ஒன்பதரைக்குத் திண்டுக்கல்லில் சூரியன் வளையமாக நின்றது. எங்கள் வீட்டில் ஏழு மாதக் கர்ப்பிணியான என் தங்கையை, ஜன்னல் சாத்திய அறையில் மூன்று மணி நேரம் தண்ணீர்கூடத் தராமல் உட்கார வைத்திருந்தார்கள். எதிர் வீட்டு மொட்டை மாடியிலோ, ஒரு பையன் எக்ஸ்ரே ஃபிலிம் வழியாகச் சூரியனை முறைத்துக்கொண்டிருந்தான். அவனைத் தடுக்க ஆளில்லை!

நிழல் யாரையும் ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிக்கு வேண்டியது சோறும் தண்ணீரும். ஆனால் விழித்திரைக்கு வலி தெரியாது. பொசுங்கிய பிறகுதான் பார்வை போனது தெரியும். எக்ஸ்ரே ஃபிலிம், கூலிங் கிளாஸ், கரி பிடித்த கண்ணாடி எதுவும் ஆகாது. கிரகணத்துக்கென்றே செய்த கண்ணாடிதான் வேண்டும். இல்லையா, மரத்தடிக்குப் போய்த் தரையைப் பாருங்கள். இலை இடுக்கில் விழும் வெளிச்சப் பொட்டெல்லாம் கடித்த பிஸ்கட் மாதிரி குட்டிச் சூரியன்கள்! சந்திர கிரகணத்துக்கு வெறும் கண்ணே போதும்.

தென் தமிழ்நாட்டில் அடுத்த வளையச் சூரியன் 2031 மே 21, புதன்கிழமை. லீவு லெட்டரை இப்போதே எழுதி வைக்கலாம். ராகு தேதியை மாற்ற மாட்டார். மேனேஜருக்கு நான் கேரண்டி இல்லை!