கோணங்கியும் காத்தாடியும்

மெலட்டூர் வரதராஜப் பெருமாள் சந்நிதியில் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடக்கும் பாகவத மேளாவை ஒரு முறையேனும் கண் விழித்துப் பார்த்தவர்களுக்கு, ஹிரண்யகசிபுவும் லீலாவதியும் பிரகலாதனும் வருவதற்கு வெகு முன்னதாக, கூம்புக் குல்லாய் தரித்துக் குதித்துக்கொண்டு வந்து, சபையைக் கலகலக்கச் செய்துவிட்டு மறைந்துபோகும் கோணங்கியை நினைவிருக்கும். அவன் போன பிறகு இரவெல்லாம் பெரியவர்களுடைய ராஜ்யம். விடிந்ததும் திண்ணைகளில் பிரஸ்தாபிக்கப்படுவது நரசிம்ம முகமூடி அணிந்தவருடைய ஆவேசமே அன்றி, ஜனங்களைத் தட்டியெழுப்பி உட்காரவைத்தவனுடைய பெயர் அல்ல. அந்தக் கோணங்கியின் வம்சத்தைச் சேர்ந்தவர்கள்தாம் பிற்காலத்தில் சபா மேடைகளிலும் தொலைக்காட்சிப் பெட்டியிலும் மாமாவாகவும் மாடிவீட்டுக்காரராகவும் ஆபீஸ் மானேஜராகவும் வந்து நம்மைச் சிரிக்கவைத்த துணை நகைச்சுவை நடிகர்கள் என்பது என் அபிப்பிராயம்.

அவர்களுள் ஒருவர் கும்பகோணத்துக்காரரான காத்தாடி ராமமூர்த்தி. நாடகப் பித்து அந்த ஊருக்குப் புதிதல்ல. பெண்களே எல்லா வேஷங்களையும் தரித்து நடித்த பாலாமணி அம்மாளின் கம்பெனி அங்கே கொட்டகை போட்டிருந்த நாட்களில், நாடகம் பார்க்க வருவோருக்காகவே ரயில் தனியாக விடப்பட்டதென்று பழைய மனிதர்கள் சொல்வார்கள். அந்த மண்ணில் பள்ளிப் பருவத்தைக் கழித்துவிட்டுச் சென்னை விவேகானந்தா கல்லூரிக்குப் படிக்கப் போன ஒரு பையன் மேடை ஏறினான் என்பதில் ஆச்சரியப்படுவதற்கு ஒன்றுமில்லை. ஏறாமல் இருந்திருந்தால்தான் விசாரிக்க வேண்டியிருக்கும்.

அங்கே விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் என்ற இளைஞர் குழுவில் அவருக்குச் சோ ராமசாமியின் சகவாசம் கிடைத்தது. சோ என்பதே ஒரு நாடகப் பாத்திரத்தின் பெயர்; அது மனிதரோடு ஒட்டிக்கொண்டு, பெற்றோர் வைத்த பெயரைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. அதே தொற்று ராமமூர்த்தியையும் விடவில்லை. சோ எழுதிய ‘இஃப் ஐ கெட் இட்’ என்ற நாடகத்தில் அவர் ஏற்ற வேஷம், ‘காத்தாடி’ என்று கையெழுத்திடும் ஒரு கார்ட்டூன் சித்திரக்காரனுடையது. நாடகம் முடிந்தது, வேஷம் கலைந்தது, பெயர் மட்டும் கலையவில்லை. சென்னைவாசிகளுக்குக் காத்தாடி என்றால் நூலில் ஏறும் பட்டம். எங்கள் பக்கத்திலோ, பனையோலையை மடித்துக் கருவேல முள்ளில் குத்திப் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரப்போரமாக ஓட ஓடச் சுற்றுவதுதான் காத்தாடி. பிறர் ஓடினால்தான் தான் சுற்ற முடியும் என்ற அந்த நியாயம் ஒரு துணை நடிகருடைய தொழிலுக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை, பெயர் சூட்டியவர் யோசித்திருப்பாரோ இல்லையோ, நான் பல முறை யோசித்ததுண்டு.

சபா நாடகம் என்பது இன்னதென்று இளைய வாசகர்களுக்குச் சற்று விளக்க வேண்டும். பகலெல்லாம் பாங்கிலோ கம்பெனியிலோ குமாஸ்தாவாகவோ அதிகாரியாகவோ உத்தியோகம் பார்த்துவிட்டு, மாலையில் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில் ஒத்திகை பார்த்து, மாதச் சந்தா கட்டிய சபா அங்கத்தினர்களுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் நடிக்கும் அமெச்சூர் குழுக்களின் கலை அது. ஒரு சோபா, ஒரு டெலிபோன், உள்ளே போக ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு. மேலே தொங்கும் இரண்டு மைக்குகள். கதையம்சம் மெலிந்துபோய்ச் சிலேடைகளே நாடகமாகிவிட்ட காலமும் அதற்கு உண்டு. எண்ணி முப்பது விநாடிக்கு ஒரு ஹாஸ்யம் வராவிட்டால் சபையோர் காண்டீனுக்கு எழுந்து போய்விடுவார்களோ என்ற பயம் எழுத்தாளர்களை ஆட்டிவைத்ததை நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் அந்தச் சோபாவைச் சுற்றியே ஒரு நுட்பமான வித்தை வளர்ந்தது என்பதும் உண்மை.

சிரிப்பு எழும்போது அது அடங்குவதற்குள் அடுத்த வாக்கியத்தைப் பேசிவிட்டால் வாக்கியம் வீணாகிறது. முற்றிலும் அடங்கிய பிறகு பேசினால் சூடு ஆறிவிடுகிறது. சிரிப்பலை இறங்கத் தொடங்கும் அந்த க்ஷணத்தைக் காதால் பிடித்து, முகத்தில் மட்டும் தாம் எதையுமே கேட்காதவர் போல நிற்க வேண்டும். இதில் பாதி வேலை, ஹாஸ்யத்தைச் சொல்பவருடையது அல்ல, கேட்பவருடையது. ஒருவர் அபத்தமாக ஒன்றைச் சொல்ல, பக்கத்தில் நிற்பவர் அதை மெய்யென்று நம்பி யோசிக்கிறாரே, அந்த யோசனையில்தான் கொட்டகை அதிர்கிறது. கைதட்டல் பேசியவருக்குப் போய்ச் சேருகிறது. சிரிப்பை விளைவித்தவர் இன்னொருவர் என்பது மேடையில் நிற்பவர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

1965-இல் ராமமூர்த்தி ‘ஸ்டேஜ் கிரியேஷன்ஸ்’ என்ற சொந்தக் குழுவை ஆரம்பித்தார். அதன் விசேஷம், நிறுவியவருடைய கீர்த்தியைக் காட்டிலும் அதன் வழியாகக் கடந்துபோனவர்களுடைய கீர்த்தி பெரிதானது. விசு அந்தக் குழுவுக்கு நாடகங்கள் எழுதினார். அவருடைய ‘டௌரி கல்யாண வைபோகமே’ பிறகு 1983-இல் ‘டௌரி கல்யாணம்’ என்ற படமாயிற்று. விசுவோ திரைப்பட இயக்குநராகி, அதன் பின் ‘அரட்டை அரங்க’த்தின் மூலம் வீடு வீடாக அறியப்பட்டார். 1964 முதல் 1974 வரை இந்திய விமானப் படையில் பணிபுரிந்து, தலைநகரில் தமிழ் நாடகம் ஆடிப் பழகி வந்த கணேசன் என்பவருக்கும் இந்த மேடையே சென்னையில் இடம் கொடுத்தது. விசுவின் ‘பட்டினப்பிரவேசம்’ நாடகத்தை கே. பாலசந்தர் 1977-இல் படமாக்கியபோது அவர் டெல்லி கணேஷாகத் திரையில் அடியெடுத்து வைத்தார். ‘ஐயா அம்மா அம்மம்மா’வை எழுதித் தந்தவர் கிரேஸி மோகன், காத்தாடியின் பெயரோடு இன்றளவும் சேர்த்துப் பேசப்படுகிற நாடகம் அதுதான். 1990-இல் வெளிவந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ படத்தில், சாம்பாருக்குள் மீன் விழுந்த அனர்த்தத்தைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தவர்கள், அந்த வசனத்தை எழுதிய மோகனும் பாலக்காட்டுச் சமையற்காரராக வந்த டெல்லி கணேஷும் ஒரே மேடையின் படிகளில் ஏறி இறங்கியவர்கள் என்பதை அப்போது எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி தொடங்கியது. சபா மேடையின் மனிதர்களுக்கு அது ஒரு புதிய சபா. செவ்வாய்க்கிழமை இரவு நாடகம் என்பது நியமமாகி, சோபாவும் டெலிபோனும் அப்படியே ஸ்டூடியோவுக்குக் குடிபெயர்ந்தன. குடிபெயராதது சிரிப்பொலி ஒன்றுதான். எதிரே காமிராவும் மௌனமான சிப்பந்திகளும் மட்டுமே நிற்க, எங்கோ சிரிக்கப்போகும் ஜனங்களுக்காக எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டும் என்பதை உத்தேசமாகவே கணக்கிட வேண்டியிருந்தது. பத்து வரிசைக்கு அப்பால் இருப்பவனுக்காகக் கையை வீசிப் பழகியவர்கள், புருவத்தை அசைத்தால் போதும் என்று கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. கற்றுக்கொண்டவர்கள் பிற்பாடு வந்த தொடர்களிலும் நிலைத்தார்கள். காத்தாடி அவர்களில் ஒருவர்.

இவையெல்லாம் எங்கள் டெல்டாவுக்கு வந்து சேரச் சில காலம் ஆயிற்று. கடைமடைக்குத் தண்ணீர் வருகிற மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தவர்கள் 1982-இல் தொடங்கிய இலங்கை ரூபவாகினியைக் கடல் கடந்து பிடித்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்த எங்களுக்கோ, கொடைக்கானல் மலையில் கோபுரம் எழுந்த பிறகே, ஓட்டு வீட்டுக் கூரை மேல் மூங்கில் நட்டு, அலுமினியக் கம்பிகளை மேற்குத் திசையாகத் திருப்பி, ஒருவன் மேலே நின்று “தெரியுதா?” என்று கத்த, கீழே நிற்பவன் “கொஞ்சம் இந்தாண்ட!” என்று பதிலுக்குக் கத்தி, மழைச்சாரல் போன்ற புள்ளிகளுக்கு நடுவே மனித முகங்களைக் காணும் பாக்கியம் வாய்த்தது. தெருவுக்கு ஒரு பெட்டி. குறுவை நடவு முடித்து வந்தவர்கள் கூடத்திலும், மற்றவர்கள் ஜன்னலுக்கு வெளியிலும் நின்று, மாம்பலத்து அடுக்குமாடி வீட்டுத் தகராறுகளைப் பார்த்துச் சிரித்தார்கள். பாதிச் சிலேடை எங்களுக்கு விளங்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றவருடைய முகம் விளங்கிற்று.

நாடகம் முடிந்து நடித்தவர்களின் பெயர்கள் ஓடத் தொடங்கியதும், ஆத்தா எழுந்து அடுப்பைக் கவனிக்கப் போய்விடுவாள். எழுத்துத் தெரியாதவளுக்குப் பெயர்களால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஒரு நாள் மட்டும் வாசற்படியில் நின்று திரும்பி, “அந்தக் காத்தாடி நம்ம கும்மோணத்துப் புள்ளயாமேடா, மெய்தானா?” என்று கேட்டாள். மெய்தான் ஆத்தா என்றேன். “அதானே பாத்தேன்” என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள்.