வாசலில் தயங்கும் குதிரை

புதுக்கோட்டை மாவட்டத்து ஆவுடையார்கோயிலைத் தரிசிப்போர், பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் புறப்பட்ட மாணிக்கவாசகர் அதற்கான திரவியத்தை ஆலயத் திருப்பணியில் செலவிட்ட புராண வரலாற்றை நினைவுகூர்வர். ஆனால் பாண்டிநாட்டுக்குக் கடல்வழி வந்த குதிரைகள் பராமரிப்பு அறியாதார் கையில் பெருவாரியாக மடிந்தன என்று 13-ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ கூறியதை நினைப்போர் சிலரே.

இன்றும், சவாரிக்கு அழைத்த குதிரை லாயத்து வாசலிலேயே நின்றுவிட்டால், சவுக்கை எடுப்பதுதான் பலருக்கு முதல் யோசனை; அது தவறு. சேணம் முதுகை அழுத்துகிறதா, கடிவாளம் வாயைப் புண்படுத்துகிறதா, குளம்பில் நோவு உண்டா என்று பரிசோதித்த பின்னரே பயத்தைப் போக்கும் பிரயத்தனத்தைத் தொடங்க வேண்டும். சுபாவத்தில் மந்தையாக வாழும் பிராணியாதலால், நிதானமும் அனுபவமும் மிக்க மற்றொரு குதிரையை முன்னே விட்டு, முதலில் கையில் பிடித்து நடத்தியும் பின்னர் ஏறியும், சிறிது தூரமே சென்று, அச்சம் மிகுமுன் நாமாகவே திரும்பிவிடுவது உத்தமம். தயங்கிய குதிரை ஓரடி முன்வைத்த அக்கணமே குதிகாலின் அழுத்தத்தைத் தளர்த்துவதுதான் அதற்குப் புரியும் பாராட்டு. கண்கள் பக்கவாட்டில் அமைந்திருப்பதால் மூக்குக்கு நேர்முன்னே இருப்பது அதற்குத் தெரியாது. ஆகவே மிரண்டு நின்றால் கடிவாள வாரைத் தளர்த்தி, தலையை அசைத்துப் பார்த்துத் தெளிய அவகாசம் கொடுங்கள்.