ஓர் இரவுக்கு இரண்டு ரசீதுகள்

நம் நெசவாளர் சங்கங்களின் கணக்குப் புத்தகத்தில் பிரயாணச் செலவு பெரிய தலைப்பன்று. நூல், சாயம், கூலி, தள்ளுபடி ஆகியவற்றுக்கு நடுவே அது ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். ஆயினும் தணிக்கைக்கு வரும் என்னைப் போன்றோரின் பேனா அடிக்கடி நிற்கும் இடம் அதுவே. அவ்வாறு நான் எழுதிய ஓர் ஆட்சேபணையைப் பற்றியும், அதன் வாயிலாகச் சிக்கன விடுதித் தொடர்களைக் குறித்து நான் அறிந்தவற்றைப் பற்றியும் அங்கத்தினர்களுக்குக் கூற விரும்புகிறேன்.

ஒரு சங்கத்திலிருந்து இரண்டு நெசவாளர்கள் டெல்லிக் கண்காட்சிக்குச் சேலைகளுடன் சென்று திரும்பியிருந்தனர். அவர்கள் கொடுத்த ரசீதுகளுள் ஒரே இரவுக்கு இரண்டு விடுதிக் கட்டணங்கள் இருந்தன. ஒன்று, பல ஊர்களில் ஒரே பெயரில் நடக்கும் விடுதித் தொடர் ஒன்றுக்குக் கைப்பேசி வழியாக முன்னரே செலுத்திய 1,150 ரூபாய். மற்றொன்று, வேறொரு விடுதியில் கையால் எழுதித் தந்த 1,900 ரூபாய்ச் சீட்டு. ஒருவர் ஓர் இரவில் இரண்டு இடங்களில் உறங்க இயலாது. ஆகவே இரண்டாவது தொகையைச் சம்பந்தப்பட்டவரிடம் வசூலிக்குமாறு குறிப்பு எழுதினேன்.

அறுபது வயதைக் கடந்த அந்தப் பெரியவர் மறுநாள் சங்க அலுவலகத்துக்கு வந்தார். "ஐயா, காலையில் வண்டியைவிட்டு இறங்கி நேரே கடைக்குப் போய்ச் சரக்கை அடுக்கிவிட்டு, இரவு ஒன்பது மணிக்குத்தான் விடுதிக்குப் போனோம். பணம் கட்டிய செய்தியைக் காட்டினோம். இடமில்லை, நீங்களே ரத்து செய்துகொள்ளுங்கள் என்று சைகையால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். எங்களுக்கு இந்தி தெரியாது. சேலை மூட்டை ஒன்று வேறு கையில் இருந்தது" என்றார். அதற்கு ஏதேனும் அத்தாட்சி உண்டா என்று கேட்டேன். இல்லை என்றார். குறிப்பை மாற்ற நான் இசையவில்லை. 1,900 ரூபாய் அவருடைய கூலியிலிருந்து இரு தவணைகளில் பிடிக்கப்பட்டது.

சில மாதங்கள் கழித்துப் பயிற்சி ஒன்றுக்காகப் பூனாவுக்குச் சென்றபோது, நானும் அத்தகைய தொடர் விடுதி ஒன்றில் ஓரிரவு தங்கினேன். குறை சொல்ல ஏதுமில்லை. வெளுத்த விரிப்பு, தண்ணீர் ஒழுகாத குழாய், வரியுடன் கூடிய அச்சிட்ட ரசீது ஆகிய யாவும் இருந்தன. ஆனால் மறுநாள் காலை நான் அறையைக் காலி செய்துகொண்டிருந்தபோது, கைக்குழந்தையுடன் வந்த குடும்பத்தார் ஒருவருக்கு அங்கே நிகழ்ந்தது, பெரியவர் சொன்னதன் நகலாகவே இருந்தது. "கம்பெனி பதிவு செய்தால் நாங்கள் என்ன செய்வது? ரத்து செய்யுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் வேறு அறை பார்க்கலாம்" என்றார் மேசையில் இருந்தவர். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த எனக்கு அன்று பயிற்சி வகுப்பில் மனம் செல்லவில்லை.

பிறகுதான் இத்தொழிலின் அமைப்பை விசாரித்து அறிய முற்பட்டேன். சிக்கன விடுதி என்னும் எண்ணம் புதிதன்று. 1962-இல் அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சாண்டா பார்பரா நகரில், கட்டடத் தொழிலைச் சேர்ந்த இருவர் ஓர் இரவுக்கு 6 டாலர் என்று விலை வைத்து ஒரு விடுதியைத் திறந்தனர். விலையையே பெயராக்கி 'மோட்டல் 6' என்று அழைத்தனர். அங்கே உணவகம் இல்லை. தொலைக்காட்சிப் பெட்டியும் காசு போட்டால்தான் இயங்கும். உறங்குவதற்குத் தேவையற்ற யாவற்றையும் கழித்துவிடுவது என்பதே அதன் சூத்திரம். நம் நாட்டில் டாட்டா குழுமத்தார் 2004-இல் பெங்களூரின் ஒயிட்பீல்டு பகுதியில் இம்முறையில் ஒரு விடுதியைத் தொடங்கினர். பின்னர் அத்தொடர் 'ஜிஞ்சர்' என்ற பெயரைப் பெற்றது. 2013-இல் 'ஓயோ' தோன்றியது. முன்னர்க் கூறிய 'மோட்டல் 6' தொடரையே 2024-இல் 52.5 கோடி டாலர் விலை பேசி வாங்கும் அளவுக்கு அது வளர்ந்தது.

இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வேற்றுமை உண்டு. அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டியது அதுவே. சில தொடர்கள் விடுதியைத் தாமே நடத்துகின்றன. மேசையில் அமர்ந்திருப்பவர் அத்தொடரின் சம்பளம் பெறுபவர். வேறு சில தொடர்கள் பிறருடைய சிறு விடுதிகளுக்குத் தம் பெயர்ப் பலகையைக் கொடுத்து, பதிவைத் தாம் வாங்கி, வருமானத்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கின்றன. கட்டடம் ஒருவருடையது, பெயர் மற்றொருவருடையது. ஜிஞ்சர் பெரும்பாலும் முதல் வகையினது; ஓயோ இரண்டாம் வகையால் பெருகியது. இரண்டாம் வகையில் தொடர்கள் பல உள்ளன. பெரியவருக்கு இடம் மறுத்தது எது என்பதை இங்கே எழுதப் போவதில்லை.

இரண்டாம் வகையில் சங்கடம் எங்கே பிறக்கிறது? விலையை நிர்ணயிப்பது கணினி. கூட்டம் குறைந்த நாளில் அது விலையை மிகவும் இறக்கிவிடும். அந்த விலையிலிருந்து பங்கும் போனபின் கைக்கு வருவது விரிப்பு வெளுக்கவும் காணாது என்று விடுதிக்காரர் எண்ணும் நாள் உண்டு. அப்போது வாசலில் நேராக வந்து ரொக்கம் நீட்டுபவர் அவருக்கு இனிக்கிறார். முன்பதிவு செய்தவர் கசக்கிறார். அவரையே ரத்து செய்யச் சொல்லிவிட்டால், குற்றம் தம் கணக்கில் ஏறாது. நெசவாளர் அங்கத்தினருக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வியாபாரி வைத்த விலைக்குத் தறியில் உட்கார்ந்த காலம் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். விடுதிக்காரர்களே கூடி நடத்தும் முறையும் உலகில் இல்லாமலில்லை. 1946-இல் கலிபோர்னியாவில் தொடங்கிய 'பெஸ்ட் வெஸ்டர்ன்', தனித்தனி விடுதிக்காரர்கள் தம்மிடம் வந்த பிரயாணியை அடுத்த ஊரில் உள்ள தம் கூட்டாளியிடம் அனுப்பிவைக்கும் ஏற்பாடாகவே பிறந்தது. நம் நாட்டில் ஏன் அப்படி ஒன்று வேரூன்றவில்லை என்பது தனியே எழுத வேண்டிய விஷயம்.

இதனால் தொடர் விடுதிகளை நம்மவர் நாடவே கூடாது என்று நான் கூறுவதாக எண்ண வேண்டாம். மொழி தெரியாத ஊரில் பேரம் பேசாமல், புறப்படுமுன்னரே விலையை அறிந்து பணம் கட்ட முடிவது சிறிய நன்மையன்று. வாழைச் சாகுபடியும் சொட்டு நீர்ப் பாசனமும் காணத் தேனிப் பக்கத்திலிருந்து ஜல்காவுனுக்குச் செல்லும் விவசாயிக்கும் இதுவே பொருந்தும். முறையான ரசீது கிடைப்பதால் என் போன்ற தணிக்கைக்காரருடன் வழக்கும் குறையும். 2022 ஜூலை 18 வரை 1,000 ரூபாய்க்குக் குறைந்த அறைகளுக்குச் சரக்கு சேவை வரி இல்லை. அன்று முதல் 12 சதவீதம் வந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 7,500 ரூபாய் வரையுள்ள அறைகளுக்கு 5 சதவீதம் என்று குறைந்திருக்கிறது. 1,000 ரூபாய் அறைக்கு 50 ரூபாய் வரி என்பதை நினைவில் வைத்தால், அதிகம் கேட்பவரைத் தடுத்துக் கேட்கலாம்.

தீமைகளுள் விலை ஏற்றம் ஒன்று. டெல்லியில் நவம்பர் 14 முதல் 27 வரை நடக்கும் சர்வதேச வர்த்தகக் கண்காட்சி போன்ற நாட்களில், நமக்கு அறை தேவைப்படும்போதே ஊரார் யாவருக்கும் தேவைப்படுகிறது. சாதாரண நாளின் விலையை நம்பி நிர்வாகக் குழு படித்தொகையை நிர்ணயித்தால், பற்றாக்குறை பிரதிநிதியின் தலையில் விழும். காலை நேரம் மற்றொன்று. சென்னை வண்டி டெல்லியை அடைவது விடியலில். இவ்விடுதிகள் அறை தருவதோ பெரும்பாலும் நண்பகலில். அந்த இடைவேளைக்கு இரயில் நிலைய ஓய்வறையே மேல். பிரயாணச் சீட்டின் பதிவு எண் இருந்தால் அதனை மணிக்கணக்கிலும் எடுக்கலாம். மூட்டை வைக்க இடம் உண்டா என்பதையும் முன்னரே கேட்க வேண்டும். படத்தில் அகலமாகத் தோன்றும் அறை நேரில் நான்கு மூட்டைக்கு மேல் கொள்ளாது.

பலகை எதுவாயினும் படிக்கட்டைப் பாருங்கள். 2019 பிப்ரவரியில் டெல்லி கரோல்பாக் பகுதியில் ஓர் ஓட்டலில் விடியற்காலையில் மூண்ட தீயில் 17 பேர் மாண்டனர். குறுகிய மனையில் உயர எழுப்பிய கட்டடங்களில், இரண்டாவது வழி இருக்கிறதா, அது பூட்டிக் கிடக்கிறதா என்று முதல் இரவே பார்த்துவிட்டுப் படுப்பது நலம்.

பதிவு செய்தால் அதோடு நின்றுவிடாமல், புறப்படும் நாளன்று அந்த விடுதியின் தொலைபேசிக்கே பேசி, வரும் நேரத்தைச் சொல்லுங்கள். இடம் மறுக்கப்பட்டால் எக்காரணத்தாலும் நீங்களாக ரத்து செய்யாதீர்கள். செய்தால் மறுத்தவர் அவர் என்பதற்கு அத்தாட்சி போய்விடும். மேசை முன் நின்றபடியே தொடரின் அலுவலகத்துக்குப் புகார் பதிந்து, அதன் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பயன் இல்லையேல் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஆதார் நகல் கேட்டால், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு நகலைக் கொடுக்கலாம்.

பூனாவிலிருந்து திரும்பியபின், அந்தச் சங்கத்துக்கு என் ஆட்சேபணையை நீக்கி எழுதினேன். புகார் எண் இருப்பின் இரண்டாம் விடுதிக் கட்டணத்தையும் அனுமதிக்கலாம் என்று நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றியது. பிடித்த 1,900 ரூபாயும் பெரியவருக்குத் திருப்பித் தரப்பட்டது. வாங்கும்போது அவர் ஒன்றும் சொல்லவில்லை. எண்ணிப் பார்த்து மடியில் செருகிக்கொண்டார். அடுத்த கண்காட்சிக்கும் அவரே சென்றார். புறப்படுமுன் காரியதரிசியிடம் விடுதியின் தொலைபேசி எண்ணைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் எழுதித் தரச் சொல்லி, என் எண்ணையும் அதன் கீழே எழுதி வாங்கிக்கொண்டாராம்.