இறுகிய முதுகு இளகக் கற்கும்

கீழவைப்பார்க் கடற்கரையில் வள்ளத்தைத் தண்ணீருக்குத் தள்ளுகிறவரையும், சுற்றுப்புற உப்பளங்களில் குனிந்து உப்பு வாருகிறவரையும் கேட்டுப் பாருங்கள். "இடுப்புப் பிடித்துக்கொண்டது" என்பார் பலர். சில வாரங்களில் தீர்ந்தால் நன்று. மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்குமாயின் அது நாட்பட்ட இடுப்புவலியாகும். 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 61.9 கோடிப் பேர் இடுப்புவலியால் வருந்தினர் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. உழைப்பவர் படுத்துவிட்டால் அவர் வீட்டில் அடுப்பெரிவது எங்ஙனம்?

வலி தோன்றியதும் முதுகுத் தசைகள் இறுகி, அடிபட்ட இடத்தைக் காவல் காக்கின்றன. அடி ஆறிய பின்பும் சிலரிடம் அக்காவல் விலகுவதில்லை. நலமுள்ளவர் நன்கு குனியும்போது முதுகுத் தசைகள் ஓய்ந்துவிடும். நாட்பட்ட வலியுடையோர் பலரிடம் அவ்வோய்வு நிகழ்வதில்லை. தம் தசை இறுகியிருப்பதை அவர்களே அறியார் என்பதுதான் இடர்.

அதனை அறிவிப்பதே 'பயோஃபீட்பேக்' பயிற்சி. தசை இயங்குகையில் நுண்ணிய மின்துடிப்பு எழும். முதுகுத் தோலில் ஒட்டிய சிறு வில்லைகள் வழியே கருவி அதனைப் பெற்று, ஒலியாகவோ திரையில் கோடாகவோ காட்டும். தசை இறுகினால் ஒலி உயரும், இளகினால் தாழும். கருவி உடலுக்குள் மின்சாரம் செலுத்துவதன்று. முகம் காட்டும் கண்ணாடி போன்றதே. அமர்ந்தும் நின்றும் குனிந்தும் ஒலியைத் தாழ்த்தப் பழகுபவர் நோயாளியே. நன்கு பழகியபின் கருவி வேண்டுவதில்லை.

அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இலேயே தசைத்தளர்வுப் பயிற்சியை நூலாக வெளியிட்டார். ஒவ்வோர் உறுப்பின் தசையையும் சற்றே இறுக்கி, மெல்லத் தளர்த்தி, வேறுபாட்டை உணர்வதே அதன் முறை. பாயில் படுத்தே செய்யலாம், செலவில்லை.

அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017இல் வெளியிட்ட நெறிமுறை, நாட்பட்ட இடுப்புவலிக்கு மருந்தை நாடுமுன் மேற்கொள்ளத்தக்கவற்றுள் உடற்பயிற்சி, யோகம் ஆகியவற்றோடு இவ்விரண்டையும் சேர்த்தது. ஆயினும் இவ்விரண்டுக்கும் உள்ள சான்று வலுவானதன்று என்றும் அதுவே கூறிற்று. ஆகவே இது மாயமருந்தன்று. நடைக்கும் உடற்பயிற்சிக்கும் துணையே.

ஒன்றை மறவாதீர்கள். கால் வலுவிழத்தல், தொடையிடுக்கு மரத்தல், சிறுநீர் மலம் அடக்க இயலாமை, காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை வலியுடன் தோன்றினால் பயிற்சியில் காலம் போக்காது உடனே மருத்துவரை நாடுங்கள். கடையில் வாங்கும் வலிமாத்திரையை நாள்தோறும் விழுங்குவது வயிற்றுக்கும் சிறுநீரகத்திற்கும் கேடு.

வலி வந்துவிட்டது, இனி வாழ்வே முடிந்தது என்று முடங்க வேண்டா. பாரம் சுமக்கக் கற்ற முதுகு, பாரத்தை இறக்கி வைத்து இளகவும் கற்கும்.