மங்காவில் வேகும் கேக்

மங்கா என்றதும் உப்பும் மிளகாய்ப்பொடியும் நினைவுக்கு வருகிறவர்கள் மன்னிக்க வேண்டும். நான் சொல்வது ஜப்பானியப் படக்கதையை. வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் அச்சாகும். இங்குள்ள பொது நூலகத்தில் நான் முதலில் எடுத்ததெல்லாம் கத்திச்சண்டைக் கதைகள். கேக் கதைகள் பக்கம் போனது மனைவியின் தயவால். நாலைந்து தொடர்கள் படித்து முடித்தபோது ஒன்று உறைத்தது. இந்தக் கதைகளில் யாருக்காவது ஆறாத மனக்காயம் இருக்கிறது என்று தெரிந்தால் போதும், அடுத்த சில பக்கங்களில் எங்கோ ஓர் ஓவன் சூடாகத் தொடங்கிவிடும்.

ஏன் கேக்? சோறு ஏன் இல்லை? ஜப்பானியர்களும் நம்மைப் போல் அரிசிக்காரர்கள்தானே?

எனக்குத் தோன்றும் காரணம் இது. சோறு கடமை. அம்மா பரிமாறுவாள், சாப்பிட்டே ஆக வேண்டும். கேக் இல்லாமல் யாரும் செத்துப் போவதில்லை. தேவையே இல்லாத ஒன்றை ஒருவர் நமக்காக அளந்து, நுரைக்க அடித்து, வேகும்வரை காத்திருந்து கொண்டுவருகிறார் என்றால் அதற்கு அன்பைத் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது. தவிர, ஜப்பானுக்குக் கேக் வந்தேறிப் பண்டம். பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் வழியாக வந்த காஸ்தெல்லாதான் அங்கே அதற்கு மூத்த அக்காள். ரொட்டிக்கு ஜப்பானியர் சொல்லும் 'பான்' என்ற சொல்லும் போர்த்துகீசியம்தான். (ஈழத்து நண்பர்கள் வீட்டில் 'பாண்' கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது. கப்பல் ஒன்றுதான், துறைமுகங்கள் வேறு.) ஹாஷிகுச்சி தகாஷியின் 'யாகிதாதே!! ஜா-பான்' 2002 முதல் 2007 வரை வந்த தொடர். அதன் தலைப்பே இந்தச் சொல்லை வைத்து ஆடும் விளையாட்டு. ஜப்பானுக்கென்றே ஒரு ரொட்டியைக் கண்டுபிடிக்கக் கிளம்பும் பையனுக்கு உள்ளங்கை எப்போதும் சூடாக இருக்குமாம். மாவு அதனால் நன்றாகப் புளித்து எழும்புமாம்.

வெளியிலிருந்து வந்ததால் கேக்குக்குச் சடங்குப் பாரம் கிடையாது. சாமிக்குப் படைப்பது, முன்னோருக்கு வைப்பது என்ற கணக்கெல்லாம் அரிசிக்கும் அரிசிப் பண்டங்களுக்கும் உரியது. கேக்குக்கு யார் வேண்டுமானாலும் எந்தப் பொருளும் ஏற்றலாம். கிறிஸ்தவர் நூற்றுக்கு ஒருவர் அளவே இருக்கும் நாட்டில் கிறிஸ்துமஸ் மாலையில் குடும்பம் குடும்பமாக ஸ்ட்ராபெரி ஷார்ட்கேக் வெட்டுகிறார்கள். துண்டின் உச்சியில் இருக்கும் ஒற்றை ஸ்ட்ராபெரியை அடுத்தவர் தட்டில் வைத்துவிட்டால், மங்கா மொழியில் அது ஒரு காதல் கடிதம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஜப்பானிய வீடுகளில் பெரிய ஓவன் வைக்க இடமிருக்காது. கேக் என்பது கடையில் வாங்குவது. ஆகவே வீட்டில் ஒருவர் கேக் செய்தார் என்றாலே அது நிகழ்ச்சி. நமக்கும் இது புரியும். ஊரில் எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. இங்கே இருக்கிறது, இட்லிப் பானையும் இரும்புச் சட்டியும் அதற்குள் குடியிருக்கின்றன.

நமக்கும் அவர்களுக்கும் வித்தியாசமான இடமும் உண்டு. அதுதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நம்மில் பலர் வீட்டில் சாவு விழுந்தால் அந்த வருடம் பலகாரம் சுடுவதில்லை. தீபாவளிக்கு அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுத்தால்தான் உண்டு. நமக்கு இனிப்பு என்பது துக்கம் முடிந்ததற்கான அறிவிப்பு. மங்காவிலோ துக்கத்தின் நட்டநடுவில் இனிப்பை நீட்டுகிறார்கள்.

'கிச்சன் பிரின்சஸ்' இதற்குச் சரியான உதாரணம். கொபயாஷி மியுகி கதை, ஆந்தோ நத்சுமி படம். 2004 முதல் 2008 வரை 'நகயோஷி' என்ற சிறுமியர் இதழில் வந்து, 2006இல் கோதான்ஷா மங்கா விருதும் பெற்றது. நஜிகா என்ற சிறுமியின் பெற்றோர் இருவருமே இனிப்புக் கலைஞர்கள், இருவரும் இறந்துவிடுகிறார்கள். துயரத்தில் இருக்கும் அவளை ஆற்றில் மூழ்காமல் காப்பாற்றும் ஒரு பையன், ஒரு கிண்ணம் ஃப்ளானையும் (நம் கேரமல் கஸ்டர்ட் மாதிரி) ஒரு வெள்ளிக் கரண்டியையும் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறான். அந்தக் கரண்டியை வைத்துக்கொண்டு அவனைத் தேடுவதுதான் கதை. கண்ணாடிச் செருப்புக்குப் பதில் கரண்டி என்று சிரித்துவிட்டுத்தான் நானும் படித்தேன். ஆனால் உடன் படிக்கும் அகானே வரும் பகுதியில் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் மாடலிங் செய்பவள். உடம்பு இளைக்க வேண்டும் என்று தொடங்கி, சாப்பிடவே முடியாத நிலைக்குப் போய்விட்டவள். நஜிகா அவளுடைய பாட்டியின் பீச் பழப் பையைத் திரும்பச் செய்யப் பார்க்கிறாள். சிறுமியர் இதழ் ஒன்றில் இந்த நோயை ஒளிக்காமல் பேசியதே பெரிய விஷயம். ஆனாலும் ஒரு துண்டுப் பையில் அது தீரும் என்று எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். கதாசிரியருக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். பின்னால் ஓர் இழப்புக்குப் பிறகு நஜிகாவே சுவை அறியும் திறனை இழந்துவிடுகிறாள். எல்லாரையும் ஊட்டித் தேற்றியவளுக்கு எதை ஊட்டுவது?

இந்த மரபுக்கு ஒரு பெரியவர் உண்டு: யானசே தகாஷி (1919-2013). அவருடைய 'அன்பான்மான்' 1973இல் படப்புத்தகமாக வந்தது. நாயகனின் தலையே பயறு இனிப்பு பூரணம் வைத்த பன். பசித்தவனைக் கண்டால் தன் முகத்தைத் தின்னக் கொடுப்பான். ரொட்டிக்காரர் ஜாம் மாமா புதுத் தலை சுட்டுக் கொடுப்பார். யானசே போரில் சிப்பாயாகச் சீனா போய்ப் பட்டினியை அறிந்தவர், தம்பியைப் போரில் இழந்தவர். பசித்தவனுக்குச் சோறு போடுவதுதான் எந்தக் கட்சி மாறினாலும் மாறாத நீதி என்பது அவர் முடிவு. குழந்தைக் கதைக்கு இது கொடூரம் என்று அப்போது பெரியவர்கள் முகம் சுளித்தார்கள், குழந்தைகள் சுளிக்கவில்லை. கொடுப்பவன் குறைந்துபோகிறான் என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன கதை எனக்குத் தெரிந்து வேறில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. யோஷினாகா ஃபுமியின் 'ஆன்டிக் பேக்கரி' 1999 முதல் 2002 வரை வந்தது, நாலே தொகுதிகள். 2002இல் இதற்கும் கோதான்ஷா விருது. (கதை முடிவைச் சொல்லப் போகிறேன். படிக்க எண்ணுகிறவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.)

தாச்சிபானா வசதியான வீட்டுப் பிள்ளை. திடீரென்று வேலையை விட்டுவிட்டு, நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்கும் ஒரு கேக் கடை தொடங்குகிறான். பழம்பொருள் கடையாக இருந்த இடம். பீங்கான் தட்டுகளும் பழையவை. வாடிக்கையாளரிடம் கேக்கை அவன் வர்ணிக்கும் பேச்சுக்கு ஒரு பக்கம் போதாது. ஆனால் அவனுக்குக் கேக் பிடிக்காது. தின்றால் வாந்தி வரும். சமையலறையில் ஓனோ. பள்ளி நாளில் தாச்சிபானாவிடம் தன் காதலைச் சொல்லி, கேவலமாக ஏச்சு வாங்கியவன். இன்று பெரிய பேஸ்ட்ரி கலைஞன். அவனுக்கு உதவியாள் எய்ஜி. விழித்திரை பழுதானதால் குத்துச்சண்டையை விட்டவன், இனிப்புப் பைத்தியம். எடுபிடியாகச் சிகாகே, எப்போதும் கறுப்புக் கண்ணாடியோடு.

தாச்சிபானா சிறுவனாக இருந்தபோது கடத்தப்பட்டவன். கடத்தியவன் முகம் நினைவில்லை. நினைவிருப்பது ஒன்றுதான்: தினமும் கேக் கொடுத்தான். கடையைத் திறந்ததே, கேக் பிரியனான அந்த ஆள் என்றாவது ஒருநாள் உள்ளே வருவான் என்றுதான்.

மற்றவர்கள் கேக்கை அன்பு என்று எழுதிக்கொண்டிருந்த இடத்தில் யோஷினாகா அதைத் திருப்பிப் போட்டார். கடத்தியவனும் ஒருவகையில் அன்போடுதான் ஊட்டியிருக்கிறான். தின்பவனுக்கு வேண்டாம் என்று சொல்லும் உரிமை இல்லாதபோது இனிப்பு என்னவாகிறது என்பதை வாந்தி சொல்கிறது. வீடு திரும்பிய பிள்ளையைக் குடும்பம் பொத்திப் பொத்திப் பார்த்துக்கொள்கிறது. அவர்கள் வருந்தக் கூடாதே என்று அவன் சந்தோஷமான பிள்ளையாக நடித்தே வளர்கிறான். பலகாரத் தட்டை நீட்டிக்கொண்டே "எல்லாம் சரியாகிடும்" என்று வாயை அடைப்பதை நாமும் பார்த்திருக்கிறோம், செய்தும் இருக்கிறோம்.

அப்படியானால் இந்தக் கடையில் யாருக்கும் எதுவும் ஆறவில்லையா? ஆறுகிறது, ஆனால் தின்று அல்ல. எய்ஜி முட்டையை எத்தனை நேரம் அடிப்பது என்று ஓனோவிடம் கற்கிறான். தன்னை ஏசியவனுக்கு ஓனோ தினமும் கண்ணாடிப் பெட்டி நிறையக் கேக் செய்து தருகிறான். ஸ்பாஞ்சை ஓவனுக்குள் வைத்த பிறகு குழம்பைப் போல உப்புப் பார்த்துத் திருத்த முடியாது. முன்கூட்டியே சரியாக அளக்க வேண்டும், பிறகு கதவைத் திறக்காமல் இருக்க வேண்டும். நால்வரும் ஒருவரோடு ஒருவர் பழகும் விதமும் ஏறக்குறைய அப்படித்தான். யாரும் யாருடைய காயத்தையும் திறந்து பார்ப்பதில்லை.

கடைசியில் அந்த ஆள் வருகிறான். வயதாகிவிட்டது. வாசகருக்குத் தெரிகிறது, தாச்சிபானாவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் எதற்காகக் காத்திருந்தானோ அந்த முகம் எதிரே நிற்க, அவன் வழக்கம்போலச் சிரித்த முகத்தோடு கேக்கை விற்று அனுப்பிவிடுகிறான். அடுத்த நாளும் கடை திறக்கிறது.